மூன்றாவது பீப்பாய்

ஒலிபெருக்கியில் "பதினாறு புள்ளி ஒன்பது நாலு" என்று கேட்டதும், டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்து காப்பிக் குடுவையைத் திறந்துகொண்டிருந்த லோர்னாவின் கை அப்படியே நின்றது. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று பலகையைப் பார்த்தாள். பலகையிலும் அதே எண்தான் சிவப்பு விளக்கில் எரிந்துகொண்டிருந்தது. கேலரி முழுக்கக் கைதட்டல். தட்டியவர்களில் பாதிப்பேர் மலையையும் வெந்நீர் ஊற்றுகளையும் பார்க்கப் போகிற வழியில் திருவிழாவுக்கென்று இரண்டு நாள் தங்கிய வெளியூர்க்காரர்கள். நேற்று வாங்கிய தொப்பியின் விளிம்பு இன்னும் விறைப்பாக நிற்கிறவர்கள். அவர்களுக்குப் பதினாறும் ஒன்றுதான், பதினெட்டும் ஒன்றுதான். லோர்னாவுக்கு அப்படியில்லை. வில்லோ பெண்ட் மைதானத்தில் இப்போதைய அளவில் பதினேழு வினாடிக்குக் கீழே எந்தக் குதிரையும் மூன்று பீப்பாய்களையும் சுற்றி வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மண்ணைக் கிளறி, நனைத்து, பரம்படித்துத் தருகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமல் இங்கே ஒரு குதிரை வேகமாக ஓடிவிட முடியாது.

ஓடியவளும் அப்படிப் பேர்போனவள் இல்லை. பல்லுக்குக் கம்பி போட்ட கல்லூரிப் பெண். அவளாலேயே நம்ப முடியவில்லை. வாசலுக்கு வெளியே குதிரையை நிறுத்திப் பலகையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

டிராக்டரின் பின்சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்த ஆர்லோ, சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தான். அறுபத்தெட்டு வயது. பக்கத்துப் பண்ணைக்காரன். லோர்னா பரம்படிக்கும்போது பீப்பாய்களை உருட்டி ஓரங்கட்டுவதும், முடிந்ததும் பழைய இடத்தில் வைப்பதும் அவன் வேலை. புகையிலை மெல்லுவதைப் பெண்சாதி நிறுத்தவைத்த நாளிலிருந்து இந்த விதைதான்.

"மண்ணு இன்னைக்கு நல்லா அமைஞ்சிருக்கு போல" என்றான்.

"ம்" என்றாள் லோர்னா.

இரண்டாவது குதிரை பதினேழு புள்ளி பூஜ்யம் இரண்டு. மூன்றாவது பதினாறு எண்பத்தேழு. அறிவிப்பாளருக்குக் குஷி வந்துவிட்டது. இந்த ஊர்க் குதிரைகள் காலையில் என்னத்தைத் தின்றனவோ, தனக்கும் இரண்டு வாளி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். கேலரி சிரித்தது. லோர்னா குடுவையை மூடி வைத்தாள்.

காலையில் நடந்ததை மனது தானாகவே ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. நேற்று மாலை குதிரை, காளைப் போட்டிகள் நடக்கிற ரோடியோ முடிந்த கையோடு மைதானத்தை இசைக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு லாரிகள் உள்ளே வந்தன, மேடை ஏறியது, வேலியில் தொங்கிய விளம்பரப் பலகைகளைக் கழற்றி அடுக்கினார்கள். ஃபிடிலும் கிட்டாருமாக ஊரே ஆடி முடித்துப் போன மண்ணை, இன்று விடியற்காலை லோர்னா பார்த்தபோது அது மண்ணாகவே இல்லை, தார்ச்சாலை மாதிரி இறுகிக் கிடந்தது. மூன்று மணி நேரம் கிளறினாள். அப்புறம் பீப்பாய் வைக்கிற இடங்களைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் அடியில் ஒரு சாண் ஆழத்தில் இரும்பு முளை ஒன்று புதைந்திருக்கும், தலையில் ஒரு துண்டு நாடா கட்டி, அந்த நாடாவின் நுனி மட்டும் மேலே தெரிகிற மாதிரி விட்டிருப்பார்கள். சீசன் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து அடித்துவிட்டால் அதோடு சரி. லாரிச் சக்கரம் நாடாக்களை எல்லாம் தின்றிருந்தது. முதலாவதும் இரண்டாவதும் சுலபமாகக் கிடைத்தன. மூன்றாவதற்குத்தான் அவள் மண்டியிட்டு மண்வெட்டியால் குத்திக் குத்திப் பார்த்தாள். ஒரு குத்தில் இரும்பு 'ணங்' என்றது. தோண்டினாள். நிறம் தெரியாத ஒரு நாடாத் துணுக்கு சேற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அளந்துவிடலாமே என்று ஆர்லோ சொல்லத்தான் செய்தான். அளக்கிற நாடா கமிட்டித் தலைவரின் வண்டியில் இருந்தது. வண்டியோ வெளியூர்க்காரர்களுக்குப் பான்கேக்காக ஊற்றித் தட்டில் அடுக்கும் காலை விருந்துக்குப் போயிருந்தது. லோர்னாவுக்கு இடுப்பு வலி வேறு. என் கண்ணைக் கட்டி விட்டாலும் நான் கண்டுபிடிப்பேன், இரும்பு இரும்புதானே, உருட்டு என்றாள். அவனும் உருட்டிக்கொண்டு வந்து வைத்தான்.

இரும்பு இரும்புதான். ஆனால் இந்த மைதானத்தில் மூன்றாவது பீப்பாய்க்கு இரண்டு முளைகள் உண்டு என்பது நான்காவது குதிரை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் லோர்னாவுக்கு நினைவு வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பின்வேலியைத் தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது பீப்பாயும் ஒன்பது அடி பின்னால் போனது. பழைய முளையைப் பிடுங்கப் பார்த்தார்கள், அது வரவில்லை. கிடக்கட்டும், அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மண்ணை மூடியவளும் அவள்தான்.

அப்படி இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தால் ஓட்டுகிறவர்கள் சொல்லமாட்டார்களா? ஆனால் யார் சொல்வார்கள்? வெளியூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, ஒரே ஒரு தரம் உள்ளே போய், ஒரு மூச்சில் திரும்புகிறவர்கள். நேரம் மோசமாக வந்தால் மண்ணைக் குறை சொல்வார்கள். நன்றாக வந்தால் குதிரையைத் தட்டிக்கொடுப்பார்கள். நன்றாக வந்த நேரத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நான்காவது, பதினாறு தொண்ணூறு. ஐந்தாவது ஒரு பீப்பாயைத் தள்ளிவிட்டு ஐந்து வினாடி அபராதம் வாங்கியது. ஆறாவதாக அவளுடைய மகள் டெஸ்ஸா.

வாசல் சந்தில் பென்னி வந்து நின்றதை லோர்னா பார்த்தாள். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் காசளவு வெள்ளை. பத்தொன்பது வயது. மனுஷக் கணக்கில் ஓய்வூதியம் வாங்குகிற வயது. டெஸ்ஸா பெண்குதிரையின் கழுத்தின் மேல் குனிந்து காதோடு எதையோ சொன்னாள். முப்பத்தொரு வயது மகள் தன் குதிரையிடம் பேசுகிற அளவுக்குத் தன்னிடம் பேசுவதில்லை என்பது லோர்னாவுக்குப் புதிய செய்தி அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பல் மருத்துவரிடம் இருந்த வேலையை டெஸ்ஸா விட்டுவிட்டு, ஒரு வண்டியும் ஒரு குதிரையுமாகக் கோடை முழுக்க ரோடியோ ரோடியோவாகச் சுற்றக் கிளம்பியபோது, லோர்னா சமையலறையில் நின்று சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. அந்தக் கிழட்டுக் குதிரையால் ஒன்றும் ஆகப்போவதில்லை, உன்னாலும் ஆகப்போவதில்லை என்பது. சொன்ன மாத்திரத்தில் அதை வாயில் திரும்பப் போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டுக்கொண்டிருப்பாள். அதற்கப்புறம் தாய்க்கும் மகளுக்கும் நடுவே வைக்கோல் விலையும் மழையும்தான் பேச்சு.

மொன்டானாவில் இந்தச் சீசனில் அதிகப் புள்ளி எடுத்த பன்னிரண்டு பேர்தான் குளிர்காலத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். டெஸ்ஸா பதின்மூன்றாவதாக இருந்தாள். கணக்கில் சேரும் கடைசி ரோடியோ இதுதான். அடுத்த வருஷம் பென்னி ஓடாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் தபால் நிலையத்தில்கூட லோர்னாவிடம் விசாரித்தார்கள். பன்னிரண்டாவதாக இருந்தவள் மார்னி என்ற பெண். அவள் ஊர் கிழக்கே ஐந்து மணி நேரத் தொலைவு. அவள் வியாழக்கிழமையே ஓடிவிட்டாள். மூன்று நாளும் ஓடுகிறவர்களின் நேரத்தை ஒன்றாக வைத்துத்தான் முடிவு. வியாழனும் வெள்ளியும் கடந்து இன்று மதியம்வரை முதலிடத்தில் இருந்தது அவளுடைய பதினேழு புள்ளி இரண்டு நான்குதான். ஓடி முடித்ததும் டிராக்டர் பக்கம் வந்து, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்ணு ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினாள். இந்த வேலையில் யாராவது ஒருத்தர் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு இரண்டு முறை நடந்தால் அதிகம்.

பென்னி உள்ளே வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, யாரோ வாசலில் இருந்து அதை எறிந்தார்கள் என்று சொல்லலாம். முதல் பீப்பாயை ஒட்டி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரிச் சாய்ந்து திரும்பியது. இரண்டாவதை அதைவிட ஒட்டி. லோர்னா இருக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். மூன்றாவதை நோக்கி நேராக நீண்டபோது டெஸ்ஸாவின் தொப்பி பறந்தது. பென்னியின் காதுகள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டன. அந்த நான்கைந்து வினாடி, ஒன்பது அடியும் முளையும் நாடாவும் எதுவும் லோர்னாவின் நினைவில் இல்லை. என் பெண், என் பெண் என்று மட்டும் நெஞ்சு அடித்தது. பலகையில் எண் நின்றது. பதினாறு புள்ளி ஆறு ஒன்று.

அறிவிப்பாளர் கத்தினார், இந்த மைதானத்தின் சாதனை என்றார், நம்ம ஊர்ப் பொண்ணு என்றார். டெஸ்ஸா சந்து வழியாக வெளியேறி, பென்னியை வட்டமாக நடத்தி, டிராக்டரின் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் முழுக்கப் புழுதி, அதில் கண்ணீர் ஓடிய இரண்டு கோடு.

"அம்மா, பாத்தியா?"

இரண்டு வருஷத்தில் அவளாக வந்து கேட்ட முதல் கேள்வி.

"பாத்தேன்" என்றாள் லோர்னா.

"பறந்தாம்மா. நான் ஒண்ணும் பண்ணல, சும்மா உக்காந்திருந்தேன். அவகிட்ட இருந்ததெல்லாம் இன்னைக்கு குடுத்துட்டா." குனிந்து பென்னியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். குதிரையின் விலா புஸ் புஸ்ஸென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "இனிமே அவள ஓட்ட மாட்டேன். குளிர்காலத்துல ஒரே ஒரு தடவை. அப்புறம் உன் வயல்ல கெடக்கட்டும், சரியா?"

சரி என்று லோர்னா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

ஆறு குதிரை ஓடியதும் பரம்படிக்க வேண்டும். சாவியைத் திருப்பினாள், இரண்டாவது தரம்தான் எஞ்சின் பிடித்தது. ஆர்லோ பீப்பாய்களை உருட்டி ஓரங்கட்டினான். பல் வைத்த இரும்புப் பரம்பு பின்னால் கரகரவென்று வர, அவள் முதல் இரண்டையும் சுற்றினாள். மூன்றாவதன் இடத்துக்கு வந்தபோது வேகத்தைக் குறைத்தாள். ஒன்றும் இருக்காது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பின்வேலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டினாள். பரம்பின் ஒரு பல் எதிலோ மாட்டி டிராக்டரை ஒரு உலுக்கு உலுக்கியது. திரும்பிப் பார்த்தாள். கிளறிய மண்ணுக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்கு, நீல நாடா நின்றுகொண்டிருந்தது. இந்த வருஷம் மே மாதத்தில் அவளே கட்டிய நாடா.

இறங்கினாள். பரம்பில் ஏதோ மாட்டிக்கொண்டதாகக் கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று குனிந்தாள். ஆர்லோ நடந்து வந்தான். நாடாவைப் பார்த்தான். தான் பீப்பாயை வைத்திருந்த இடத்தைப் பார்த்தான். வாயில் இருந்த விதையை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

"ஒம்போது" என்றான்.

"ஒம்போதுதான்."

அவன் காலால் மண்ணைத் தள்ளி நாடாவின் மேல் போட்டான். ரொம்பச் சாதாரணமாக, தற்செயலாகப் பட்டது மாதிரி. கேலரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உதடு அசையாமல் பேசினான். பீப்பாயை முன்னே இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம், பாக்கி ஆறு பேரும் அதையே சுற்றட்டும், இன்றைக்கு ஓடுகிற அத்தனை பேருக்கும் ஒரே அளவு, யாருக்கு என்ன நஷ்டம் என்றான். டெஸ்ஸா பக்கம் கையைக் காட்டாமலே காட்டினான்.

"நீயும் நானுந்தான் பாத்தோம். மண்ணு யார்கிட்டயும் போயி சொல்லாது."

"வியாழக்கெழம ஓடினவங்க?"

"அவங்க போயிட்டாங்க லோர்னா."

"அதான். அவங்க இங்க இல்ல."

ஆர்லோ பரம்பின் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். நல்ல மனுஷன்தான். அவளுடைய புருஷன் செத்துப்போன வருஷம் அவளுடைய வயலை முழுக்கத் தானே அறுத்துக் கொடுத்தவன். அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவளும் தேடினாள். கைக்குழந்தையோடு ஒருத்தி ஐந்து மணி நேரத் தொலைவில் இந்நேரம் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் யாராவது செய்தி அனுப்புவார்கள், உன் இடம் போச்சு, அந்த ஊரில் பதினாறில் ஓடிவிட்டார்கள் என்று. அவள் நம்புவாள். மண்ணு நல்ல மண்ணு, நானே பார்த்தேனே என்று சொல்வாள். அந்த இடத்தைத் தாண்டி லோர்னாவால் போக முடியவில்லை.

இந்தப் பக்கம் டெஸ்ஸா. வாசலுக்கு வெளியே பென்னியின் சேணத்தை இறக்கி வேலியின் மேல் போட்டுவிட்டு, வாளியிலிருந்து ஈரத்துணியால் அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ வந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் சிரித்தது இங்கேவரை தெரிந்தது. இப்போது போய் அந்தச் சிரிப்பைப் பறிக்க வேண்டும். உன்னாலும் ஆகப்போவதில்லை என்று சமையலறையில் சொன்ன வார்த்தையை, இந்தத் தடவை ஆயிரத்தைந்நூறு பேருக்கு நடுவில், ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும். பென்னியால் இன்னொரு ஓட்டம் முடியாது. அது டெஸ்ஸாவுக்குத் தெரியும், லோர்னாவுக்குத் தெரியும், அதன் விலா எலும்பைப் பார்த்த யாருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அதையும் நினைத்துப் பார்த்தாள், பொய் சொல்வானேன். பேசாமல் சரியான முளையில் பீப்பாயை வைத்துவிடலாம். அடுத்த ஆறு பேருக்கு நேரம் கூடும். மண்ணு களைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அதை நினைத்த மாத்திரத்தில் கன்னம் சுட்டது.

"லோர்னா, மண்ணுல தங்கம் கெடைச்சா எங்களுக்கும் ஒரு பங்கு" என்றார் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில். கேலரி சிரித்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அவள் டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். கிளறிய மண்ணில் பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தது. எத்தனை வருஷமாக இந்த மண்ணை மேலே உட்கார்ந்தே பார்த்திருக்கிறோம், நடந்தால் இவ்வளவு தூரமா என்று தோன்றியது. நடுவர் ஹார்லன் வேலியோரம் தன் சாம்பல் குதிரையின் மேல் உட்கார்ந்து குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கால் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஹார்லன், மூணாவது பீப்பா எடம் தப்பு. நாந்தான் வச்சேன். பழைய முளையில வச்சுட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எவ்ளோ?"

"ஒம்போது அடி, முன்னால."

அவர் மைதானத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பலகையில் இன்னும் பதினாறு புள்ளி ஆறு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "ஆறு பேரும் அதுலதான் ஓடினாங்க."

"ஆறு பேரும்."

"உன் பொண்ணு..."

"எனக்கு எண்ணத் தெரியும் ஹார்லன்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். இதைத் தன்னிடம் சொன்னதற்காக அவளை வெறுக்கிறவர் மாதிரி ஒரு கணம் பார்த்தார். அப்புறம் இறங்கி, கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டு, அளக்கச் சொன்னார். அளந்தார்கள். எட்டு அடி பதினொரு அங்குலம். ஒரு அங்குலம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறாய் என்று யாராவது அவளைக் கேலி செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். யாரும் செய்யவில்லை.

முடிவைச் சொல்லும்போது அறிவிப்பாளரின் குரல் முதல்முறையாக வேடிக்கை பேசுகிறவரின் குரலாக இல்லை. இன்று ஓடிய ஆறு நேரங்களும் செல்லாது, பீப்பாய் சரியான இடத்தில் வைக்கப்படும், பாக்கி ஆறு பேரும் ஓடி முடித்ததும் முதல் ஆறு பேரும் அதே வரிசையில் மறுபடி ஓடலாம், விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். கேலரியில் வெளியூர்க்காரர்கள் என்னவென்று புரியாமல் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு ஓட்டம் பார்க்கலாம் என்று புரிந்த ஒரு மூலையில் கைகூடத் தட்டினார்கள். ஒரு பெண்ணின் தகப்பன் வேலியில் ஏறி நின்று, இருபது வருஷமா என்னத்தைக் கிழித்தாய் என்று லோர்னாவைப் பார்த்துக் கத்தினான். பல்லுக்குக் கம்பி போட்ட பெண், கைபேசியில் எடுத்த படத்தை அழிக்கலாமா வேண்டாமா என்று தெரியாதவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லோர்னா பரம்படித்து முடித்தாள். பாதியில் விட்ட வேலையை யார் செய்வார்கள்? ஆர்லோ பீப்பாயை நீல நாடாவின் மேல் உருட்டி வைத்து, இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தான். ஏழாவது குதிரை ஓடியது. பதினேழு புள்ளி நான்கு. பலகையில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சமயத்தில் உயிர் வந்தது மாதிரியும் போனது மாதிரியும் இருந்தது.

டிராக்டரை நிறுத்திவிட்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போனாள். போகாமல் இருக்கலாமா என்று கால் கேட்டது. ஊரெல்லாம் அங்கே மிளகாய்ச் சோளக் குழம்பும் ஹக்கிள்பெரிப் பழம் பொதிந்து சுட்ட பலகாரமும் வைத்துத் தின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பேச்சு குறைந்து, அவள் கடந்ததும் கூடியது. டெஸ்ஸா வண்டியின் நிழலில் நின்றிருந்தாள். பென்னியின் முன்னங்கால் ஒன்றை மடியில் தூக்கி வைத்து, குளம்பைக் குத்தி மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வீட்டுக்குப் போயி சொல்லியிருக்கலாம்."

"வீட்டுக்குப் போயிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் லோர்னா.

டெஸ்ஸா குளம்பைக் கீழே விட்டு, அடுத்த காலைத் தூக்கினாள்.

"மூணாவது சீக்கிரம் வந்துச்சு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சுது. அவ கால் வைக்கறத நான் எண்ணுவேன்ல. ஒரு தாவல் கொறஞ்சுது. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவளுக்கு வயசு திரும்பிடுச்சுன்னு நெனச்சேன்."

லோர்னா மன்னிப்பு கேட்க வந்தவள்தான். எதற்குக் கேட்பது என்று பிரிக்க முடியவில்லை. இன்று காலை அளக்காமல் விட்டதற்கா, சற்றுமுன் வாயைத் திறந்ததற்கா, சமையலறைக்கா.

"அவளால முடியாதுன்னா வெலகிக்கலாம். ஹார்லன் சொன்னாரு, யாரும் ஒண்ணும்..."

"முடியாதுன்னு நீ சொல்லாத." டெஸ்ஸா காலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. கோபம் என்று தெரிந்தது. ஆனால் வைக்கோல் விலை பேசும்போது இருக்கிற அந்த மூடிய முகம் இல்லை. "இன்னொரு தடவை நீ அத சொல்லாத."

"சொல்லல."

"சேணத்த எடு."

லோர்னா வண்டியில் சாத்தியிருந்த சேணத்தை எடுத்துக் கொடுத்தாள். அடியில் இருந்த கம்பளம் இன்னும் ஈரமாக, சூடாக இருந்தது. டெஸ்ஸா வாரை இழுத்தபோது பென்னி வயிற்றை உப்பிக்கொண்டு, கழுத்தை வளைத்து, ஓரக்கண்ணால் இருவரையும் பார்த்தது. இன்னொரு தடவையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அதன் உதட்டோரம் நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. லோர்னா தன் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள். அது தலையை ஆட்டி அவள் தோளில் ஒரு தள்ளு தள்ளியது. அந்தத் தள்ளில் பலம் இருந்ததா இல்லையா என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டே, வாசல்வரை கூட நடந்தாள். டெஸ்ஸா வராதே என்று சொல்லவில்லை.

பாக்கி ஆறு பேரும் ஓடி முடித்தார்கள். மறு ஓட்டம் தொடங்கியது. கம்பி போட்ட பெண் பதினேழு எண்பது ஓடிவிட்டு, பலகையைத் திரும்பிப் பார்க்காமலே போனாள். மூன்றாவது பெண் விலகிக்கொண்டாள். யாருக்கும் மார்னியின் பதினேழு புள்ளி இரண்டு நான்கு எட்டவில்லை. அறிவிப்பாளர் டெஸ்ஸாவின் பெயரைச் சொன்னபோது, இந்த ஊர்ப் பெண் என்று இந்தத் தடவை சேர்க்கவில்லை.

லோர்னா டிராக்டரில் ஏறவில்லை. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்லோ வந்து பக்கத்தில் நின்று, உள்ளங்கையை விரித்துக் கொஞ்சம் விதையை நீட்டினான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சந்தில் குளம்புச் சத்தம் எழுந்தது, பெரிதாகி, அவளைக் கடந்தது. முதல் பீப்பாய். பென்னி கொஞ்சம் அகலமாகத்தான் திரும்பியது. கேலரி 'ஆ' என்றது. இரண்டாவது, ஒட்டி, ரொம்ப ஒட்டி, டெஸ்ஸாவின் முழங்கால் உரசி பீப்பாய் ஆடியது. சாய்ந்தது. சாய்ந்தபடியே யோசித்துவிட்டுத் திரும்ப நின்றது. அப்புறம் அந்த நீண்ட வெளி. பின்வேலி வரைக்கும், காலையில் அவள் கிளறிய அத்தனை மண்ணும், மதிய வெயிலில் ஈரம் காயாமல் கறுத்துக் கிடந்தது. அதன் கோடியில் நீலப் பீப்பாய், அது இருக்க வேண்டிய தூரத்தில், சின்னதாக. பென்னி காதைக் கழுத்தோடு படுக்கவைத்துக்கொண்டு அதை நோக்கி நீண்டது. டெஸ்ஸாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் தாவல்களை எண்ணுகிறாள் என்று லோர்னாவுக்குத் தெரிந்தது. அவளும் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பழைய முளை இருந்த இடத்தை நான்காவது தாவலின் குளம்பு மிதித்து மண்ணைக் கிளப்பியது. பென்னி அங்கே நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. இன்னும் ஒரு தாவலுக்காக நான்கு காலும் தரையை விட்டு எழும்பியது.